மதிலும் மணலும்: பெஸ் நகரிலிருந்து சகாராவுக்கு

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் மதில்களுக்குள் நின்றே எழுதப்பட்டு வந்துள்ளது. மன்னர் எழுப்பிய வாயில்களும் கல்விக்கூடங்களும் விரிவாகப் பேசப்படுகின்றன. அவற்றைத் தாங்கிய செல்வம் எவ்வழியாக, எவருடைய உழைப்பினால் வந்தது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மொறொக்கோவின் பெஸ் நகரை இவ்வினாவுடன் நோக்குதல் பயனுடையதாகும்.

8 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்ரீசிய வம்சத்தினரால் தாபிக்கப்பட்ட இந்நகர், ஆற்றின் இரு கரைகளிலும் தனித்தனி மதில்களையுடைய இரு ஊர்களாக வளர்ந்தது. 11 ஆம் நூற்றாண்டில் அல்மொறாவிட் ஆட்சியாளர் அவற்றை ஒன்றாக்கினர். 1276 இல் மரீனிய சுல்தான் அதனருகே 'புதிய பெஸ்' என்னும் அரச நகரை அமைத்தார். 14 ஆம் நூற்றாண்டில் எழுந்த மதரசாக்கள் மரீனியரின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகும். ஆயின் அச்செழிப்புக்கு ஆதாரமான பொன், சகாராவுக்குத் தெற்கேயிருந்து பாலைவனத்தைக் கடந்தே வந்தது.

அவ்வழியை நேரிற் கண்டு கூறியவர் இபுன் பத்தூத்தா. 1344 இல் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தவர் என்ற வகையில் நம்மவர் நன்கறிந்த பயணி இவர். 1351 இல் பெஸ்ஸிலிருந்து புறப்பட்ட அவர், அத்திலஸ் மலைக்கு அப்பாலுள்ள சிஜில்மாசாவை அடைந்து, ஒட்டகங்களையும் அவற்றுக்கான நான்கு மாதத் தீவனத்தையும் வாங்கினார். 1352 பெப்ரவரியில் வணிகக் குழுவொன்றுடன் பாலையினுட் புகுந்தார்.

இருபத்தைந்து நாட்களின் பின் அவர்கள் தகாசாவை அடைந்தனர். அங்கே மரம் இல்லை, நன்னீரும் இல்லை. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களாற் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. மசூபா குலத்தாரின் அடிமைகள் உப்பை வெட்டியெடுத்தனர். அவர்கள் உண்ட பேரீச்சம்பழமும் தினையும் வெளியிலிருந்தே வந்தன. அவ்வுப்பில் ஓர் ஒட்டகச் சுமை வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் பொன்னுக்கும், மாலியின் தலைநகரில் 20 முதல் 30 மித்கால் வரைக்கும் விலைபோயிற்று.

தகாசாவுக்கு அப்பால் நீரற்ற பெரும்பாலை. வலாத்தாவுக்கு முன்னோடித் தூதன் ஒருவன் தனியே அனுப்பப்படுவான். அவன் செய்தி சேர்ந்தால், அங்குள்ளோர் நான்கு நாட் பயணத் தூரம் நீருடன் எதிர்கொண்டு வருவர். அவன் வழியில் மாண்டால், குழுவினரும் மாள நேரிடும். இப்பணிக்கு 100 மித்கால் பொன் கூலியாகக் கொடுக்கப்பட்டது. குழுவின் வழிகாட்டியோ ஒரு கண் பார்வையற்றவர். மறு கண்ணும் நோயுற்றிருந்தது. எனினும் பாதையை அவரைப்போல் அறிந்தவர் எவருமில்லை என இபுன் பத்தூத்தா வியக்கின்றார்.

1353 இல் அவர் வடக்கே திரும்பிய குழுவில் அறுநூறு அடிமைப் பெண்கள் கொண்டுசெல்லப்பட்டனர். சகாரா வர்த்தகத்தைப் பொன்னினதும் உப்பினதும் பரிமாற்றமாக மட்டும் காண்பது எத்துணைக் குறைபாடுடையது என்பதை இவ்வொரு செய்தியே உணர்த்தும்.

சுல்தானின் ஆணைப்படி இப்பயண வரலாறு 1355 இல் பெஸ்ஸில் எழுதி முடிக்கப்பட்டது. சுல்தானின் பெயரும் எழுதியவர் பெயரும் அதில் நிலைபெற்றுள்ளன. தூதனுக்கும் வழிகாட்டிக்கும் பெயரில்லை. உப்பு வெட்டியோர்க்கும் அப்பெண்களுக்கும் பெயரில்லை. 1981 இல் பெஸ்ஸின் பழைய நகர் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சிஜில்மாசாவோ இன்று மண்சுவர்களின் இடிபாடாகக் கிடக்கின்றது. எஞ்சி நிற்கும் மதிலை மட்டும் கொண்டு வரலாற்றை எழுதுவோமாயின், அம்மதிலைத் தாங்கிய மனிதரை மறந்தவராவோம். பெஸ்ஸின் வரலாறு அதன் வாயிலில் முடிவதன்று. அங்கிருந்து தெற்கே செல்லும் பாதையிலும் அது தேடப்பட வேண்டும்.