பாரதி பாட்டு பொதுச்சொத்து, ஒலிப்பதிவு?



ஆண்டு விழா, கல்யாணம், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் என்று உங்களில் பலர் காணொளி தயாரித்து யூடியூபில் போடுகிறீர்கள். "பாரதியார் பாட்டைத்தானே சேர்த்தேன் சார், அதற்கும் காப்புரிமை அறிவிப்பு வருகிறதே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு முன் கொஞ்சம் வரலாறு.

பாரதியார் 1921 செப்டம்பரில் காலமானார். வறுமையில் இருந்த செல்லம்மாள், பாரதி ஆசிரமம் என்ற பெயரில் நூல்களை வெளியிட முயன்றார், நீடிக்கவில்லை. பின்னர் நூல்களின் உரிமை பாரதியின் தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியாக விற்கப்பட்டு, ஒரு நகை வணிகர் கைக்குப் போய், அவரிடமிருந்து ஏவி.எம். மெய்யப்ப செட்டியாருக்கு வந்தது. 1947-இல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன.

1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்தார்கள். மெய்யப்பர் வழக்குத் தொடுத்தார். அவர் காசு கொடுத்து வாங்கிய உரிமை அது. ஆனால் நாட்டுக்காகப் பாடியவரின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்கள் பொங்கினார்கள். வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்றோர் பாரதி விடுதலைக் கழகம் என்று கூடிப் போராடினார்கள். செல்லம்மாளும் பாடல்களைப் பொதுவாக்கச் சம்மதித்தார்.

1949-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாயும் அளிக்கப்பட்டன. மெய்யப்பர் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1955-இல் அரசு அந்த உரிமையை மக்களுக்கே விட்டுவிட்டது. ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் என்பதே அன்றைய சட்டம். இது நடந்திராவிட்டால் 1971 முடியும்வரை காத்திருந்திருப்போம்.

அப்படியானால் அறிவிப்பு ஏன் வருகிறது? ஒரு பாட்டில் சொல், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று உரிமைகள் உண்டு. பொதுவானது பாரதியின் சொல். ஊர்க்கிணறு பொதுதான், ஆனால் ஒருவர் இறைத்து வைத்த குடத்தைக் கேட்காமல் தூக்கிப் போக முடியுமா? 2000-இல் வந்த 'பாரதி' படத்தில் இளையராஜா போட்ட மெட்டும் அந்தப் பதிவும் தனித்தனிக் குடங்கள். தியாகராஜர் கீர்த்தனைகள் பொது. போன வருடம் ஒருவர் பாடிப் பதிந்தது பொது அல்ல.

இன்றைய இந்தியச் சட்டப்படி சொல்லுக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள்; ஒலிப்பதிவுக்கு வெளியாகி 60 ஆண்டுகள். 1962-இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2022-உடன் முடிந்தது. ஆனால் அது கண்ணதாசன் பாட்டாக இருந்தால், அவர் 1981-இல் மறைந்ததால் வரிகளின் உரிமை 2041 வரை உண்டு. பிற நாடுகளில் கணக்கு வேறு.

சரி, இலவச இசை எங்கே கிடைக்கும்? யூடியூபிலேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கலைஞர்கள் தாங்களாகவே கொடுத்த இசையும் ஏராளம். எடுக்கும்முன் நிபந்தனையைப் படியுங்கள். சிலர் பெயர் போட்டால் போதும் என்பார்கள். சிலர் வியாபாரத்துக்குக் கூடாது என்பார்கள். சிலர் மாற்றக் கூடாது என்பார்கள். கடைசி வகையைக் காணொளியோடு சேர்ப்பதையும் மாற்றமாகவே கொள்வார்கள். பதிவிறக்கிய நாளையும் உரிமத்தையும் குறித்து வையுங்கள். பின்னால் கேள்வி வந்தால் உதவும். இசையமைத்தவர் பெயரைக் காணொளிக்குக் கீழே எழுதுங்கள். "இணையத்தில் கிடைத்தது" என்பது அனுமதி ஆகாது.

உரிமை என்பதே வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. பாட்டு எழுதியவரும் பாடியவரும் சாப்பிட வேண்டும். பாரதி வீட்டு அடுப்பு எரியாத நாட்களை நாம் அறிவோம்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு விழாவுக்கு உங்கள் பிள்ளைகளையே பாரதி பாட்டுக்கு ஒரு மெட்டுப் போட்டுப் பாடச் சொல்லுங்கள். கைபேசியில் பதிவு செய்து போடுங்கள். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.