ஓ பிரையன்: ஓர் ஐரிஷ் குடும்பப் பெயரின் வரலாறு

குடும்பப் பெயரைக் குருதி உறவின் சான்றாகக் கொள்வதே பொது வழக்கு. ஒரே பெயரைத் தாங்கியோர் ஒரே மூதாதையின் வழிவந்தோர் என்றும், அப்பெயர் புகழ் வாய்ந்ததாயின் அப்புகழிலும் அவர்களுக்குப் பங்குண்டு என்றும் எண்ணுவது எல்லா நாடுகளிலும் காணப்படும் இயல்பாகும். அயர்லாந்து நாட்டின் 'ஓ பிரையன்' என்னும் பெயர் இவ்வெண்ணத்தைச் சோதித்தற்கு ஏற்ற ஓர் உரைகல் எனலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மன்னன் ஒருவனிடமிருந்து தோன்றி, குலத் தலைவனின் பட்டமாக விளங்கி, அத்தலைவனாலேயே துறக்கப்பட்டு, பின்னர் உழவராலும் கூலியாட்களாலும் கடல் கடந்து எடுத்துச் செல்லப்பட்ட பெயர் இது. இப்பெயர் எவ்வாறு தோன்றியது, எவர் கைகளில் எவ்வாறு மாறியது, இன்று எங்கெங்கே பரவியுள்ளது என்பவற்றை ஆராய்ந்து, மெய்யாகவே அது எதற்குச் சான்று பகர்கின்றது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரின் தோற்றம்

பண்டைய அயர்லாந்தில் ஒருவன் தன் தந்தையின் பெயரைக் கொண்டே இனங்காணப்பட்டான். 'மக்' என்பது மகனைக் குறிக்கும் ஐரிஷ் சொல். (இதனைத் தமிழ்ச் சொல்லோடு இணைத்துப் பார்க்கும் ஆவல் நமக்கு எழலாம். ஆயின் அது கெல்டிய மொழிகளுக்குரிய சொல். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு கற்பித்தல் தகாது.) தந்தையின் பெயரைக் கொள்ளும் இம்முறையில் தலைமுறைதோறும் பெயர் மாறிக்கொண்டே செல்லும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம்மவர்க்கு இது புதிதன்று. இவ்வாறு மாறிவந்த பெயர் ஒரு மூதாதையின் பெயரோடு நிலைத்துநின்றபோதே குடும்பப் பெயர் தோன்றியது. அதற்குத் துணைநின்ற சொல் 'உவா' என்பதாகும். 'பேரன்' என்பது அதன் நேர்ப்பொருள். 'வழித்தோன்றல்' என்பது விரிந்த பொருள். இச்சொல்லே பின்னர் 'ஓ' எனத் திரிந்தது. ஆங்கில எழுத்தில் இதனை அடுத்து இடப்படும் மேற்குறி ஐரிஷ் மொழிக்கு உரியதன்று.

ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர்கள் மிக முற்பட்ட காலத்திலேயே வேரூன்றிய நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. 916ஆம் ஆண்டில் இறந்த சிற்றரசன் ஒருவனை ஐரிஷ் ஆண்டேடுகள் 'உவா கிளேரிக்' எனக் குறிக்கின்றன. அதன்பின் ஒரு நூற்றாண்டு கழித்துத் தோன்றியதே ஓ பிரையன் என்னும் பெயர்.

இப்பெயரின் மூலவன் பிரையன் போரு. இவன் இன்றைய கிளேயர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த டால் காஷ் என்னும் குலத்தில் ஏறத்தாழ 941இல் பிறந்தான். தென்மாகாணமாகிய மன்ஸ்டரைப் பல நூற்றாண்டுகளாகக் கஷெல் நகரிலிருந்து இயோகனாக்ட் மரபினரே ஆண்டுவந்தனர். டால் காஷ் குலம் அவர்களோடு ஒப்பிடத்தக்க பெருமை உடையதன்று. 976இல் தமையன் கொலையுண்டபின் தலைமையேற்ற பிரையன், மன்ஸ்டரைத் தன்வயப்படுத்தி, 1002இல் அயர்லாந்தின் மாமன்னனாக ஏற்றுக்கொள்ளப்பட்டான். 1014ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, டப்ளினை அடுத்த குளொன்டார்வ் போரில் அவனது படை வென்றது. அவன் உயிர் துறந்தான்.

பிரையனின் மக்கள் 'மக்' என்னும் அடைமொழியாலேயே வழங்கப்பட்டனர். அவன் பேரனாகிய டர்லோக்கே முதன்முதலில் 'உவா பிரியெய்ன்' எனப்பட்டான். 1086இல் இறந்த இவனைப் பொறுத்தவரையில் அச்சொல் நேர்ப்பொருளிலேயே உண்மையாகும். அவன் பிரையனின் பேரனே. ஆனால் அவன் மகன் மூர்கெர்டாக் (இறப்பு 1119) பிரையனுக்குப் பேரனல்லன், கொள்ளுப்பேரன். அவனும் 'உவா பிரியெய்ன்' என்றே வழங்கப்பட்டான். உறவுமுறையைக் குறித்த சொல் மரபுப் பெயராக மாறிய கணம் இதுவேயாகும்.

இவர்கள் தம் பழைய மூதாதையரை விடுத்துப் பிரையனின் பெயரைப் பற்றிக்கொண்டமைக்குக் காரணம் வெளிப்படை. மாமன்னனாக உயர்ந்தவன் பிரையன் ஒருவனே. அவன் பெயரைத் தாங்குதல் ஆட்சியுரிமையைக் கோருதலாகும். ஆகவே தோற்றத்திலேயே இப்பெயர் குருதியைக் காட்டிலும் உரிமையை உணர்த்தியது என்பது கருதத்தக்கது.

பட்டமாகிய பெயர்

1118இல் மன்ஸ்டர் இரண்டாகப் பிளவுற்றபோது தென்பகுதியாகிய டெஸ்மண்ட் மக்கார்த்தி மரபினரிடமும், வடபகுதியாகிய தொமண்ட் ஓ பிரையன் மரபினரிடமும் நின்றன. ஆங்கில அரசன் முதலாம் எட்வர்ட் 1276இல் தொமண்ட் நிலத்தைத் தோமஸ் டி கிளேயர் என்னும் பிரபுவுக்கு வழங்கினான். ஆயினும் 1318இல் டைசெர்ட் ஓடே என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் டி கிளேயர் மரபினர் தோற்கடிக்கப்பட, தொமண்ட் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஓ பிரையன் மரபினரின் கையிலேயே எஞ்சியது.

இக்காலத்தில் இப்பெயருக்குத் தனியான ஒரு பயன்பாடு இருந்தது. குலத்தில் பலர் இப்பெயரைத் தாங்கினும், இயற்பெயர் சேராது 'ஓ பிரையன்' என்று மட்டும் அழைக்கப்படும் உரிமை தலைவன் ஒருவனுக்கே உரியது. கிளேயர் மாவட்டத்து மா ஆயர் மேட்டில் குலத்தோர் கூடி அவனைத் தலைவனாக ஏற்றனர். தந்தைக்குப்பின் மூத்த மகன் என்னும் நியதி அங்கில்லை. ஆளும் குடியில் தகுதியுடையோன் தெரிவு செய்யப்பட்டான். எனவே பெயரே முடியாகவும் விளங்கியது எனலாம்.

அம்முடி 1543இல் கைமாறியது. எட்டாம் ஹென்றி மன்னன் ஐரிஷ் தலைவர்கள் தம் நிலங்களை முடிக்கு ஒப்படைத்து, ஆங்கிலச் சட்டப்படி மீளப் பெற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்தான். மரோ ஓ பிரையன் அதற்கு இணங்கி, குலத் தலைவனுக்குரிய 'ஓ பிரையன்' என்னும் பட்டத்தைத் துறந்து, தொமண்ட் பிரபு என்னும் பட்டத்தை ஏற்றான். பிரையன் போருவின் பெயரால் ஆண்ட மரபு, அப்பெயரை ஈடாகக் கொடுத்து வேற்று மன்னனிடம் வேறொரு பெயரை வாங்கிக்கொண்டது. குலத்தோர் தெரிவுசெய்யும் உரிமையும் அத்தோடு வலுவிழந்தது.

ஒரே பெயரினர் ஒரே பக்கம் நிற்பர் என்னும் எண்ணத்தையும் பின்வந்த வரலாறு பொய்ப்பித்தது. 1101இல் மூர்கெர்டாக் மன்னன் கஷெல் பாறையைத் திருச்சபைக்குத் தானமாக வழங்கினான். 1647இல் அதே பாறையைப் பாராளுமன்றப் படையோடு தாக்கி, தேவாலயத்துள் புகலிடம் தேடியோரைக் கொன்றொழித்த தளபதியின் பெயரும் ஓ பிரையனே. புரட்டஸ்தாந்து சமயத்தவனாக வளர்ந்த இன்ச்சிகுவின் பிரபு மரோவை 'தீவைப்புகளின் மரோ' என்று ஐரிஷ் மக்கள் இன்றும் நினைவுகூர்வர். ஒரு நூற்றாண்டின் பின், 1745இல், பொன்ரனோய் போர்க்களத்தில் பிரெஞ்சு மன்னனுக்காக ஆங்கிலேயரை எதிர்த்துநின்ற ஐரிஷ் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய சார்ள்ஸ் ஓ பிரையனும் இம்மரபினனே.

ஓர் எழுத்தின் இழப்பு

ஐரிஷ் பெயர்கள்மீது ஆங்கில ஆட்சி செலுத்திய அழுத்தம் நீண்டகாலத்தது. டப்ளின், மீத், லவுத், கில்டேர் ஆகிய மாவட்டங்களில் வாழும் ஐரிஷ் மக்கள் ஓர் ஊரின், நிறத்தின் அல்லது தொழிலின் பெயரை ஆங்கிலத்தில் குடும்பப் பெயராகக் கொள்ளல் வேண்டும் என 1465ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. எனினும் சட்டத்தைக் காட்டிலும் வாழ்க்கை நெருக்கடியே வலிமை மிக்கதாயிற்று. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் கத்தோலிக்கருக்கு நிலவுடைமையும் அரச பதவிகளும் மறுக்கப்பட்டபோது, ஐரிஷ் அடையாளம் தாங்கிய முன்னொட்டுகள் பெருந்தொகையாக உதிர்ந்தன. நீதிமன்றிலும் வாடகைப் பதிவேட்டிலும் ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினர், அவ்வெழுத்தே நிலைத்தது.

இவ்விழப்பின் அளவை 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு றொபேட் மதேசன் தயாரித்து 1894இல் வெளியிட்ட அறிக்கையிற் காணலாம். அயர்லாந்தில் மிகப் பரவலாக வழங்கிய பத்துப் பெயர்கள் முறையே மேர்பி, கெல்லி, சலிவன், வோல்ஷ், ஸ்மித், ஓ பிரையன், பேர்ன், றயன், கொனர், ஓ நீல் என்பனவாம். இவற்றுள் வோல்ஷ், ஸ்மித் என்னும் இரண்டையும் விலக்கினால் எஞ்சும் எட்டும் 'ஓ' என்னும் முன்னொட்டுக்கு உரியவை. ஆனால் ஆறு பெயர்கள் அதனை இழந்தே பட்டியலில் நிற்கின்றன. ஓ பிரையன், ஓ நீல் ஆகிய இரண்டு மட்டுமே அதனோடு இடம்பெற்றுள்ளன. இரண்டும் மாமன்னர் மரபுகளின் பெயர்கள் என்பது நோக்கற்பாலது. பிரையனின் கதை மக்கள் நினைவில் அழியாது நின்றமையே அவ்வெழுத்தையும் காத்தது எனக் கருத இடமுண்டு.

அவ்வறிக்கை ஓ பிரையன் பெயரினரை ஏறத்தாழ 33,400 பேர் என மதிப்பிட்டது. இவர்கள் அனைவரும் பிரையனின் வழியினரா? அல்லர். ஆளும் குடி பல கிளைகளாகப் பிரிந்து டிப்பெரரியிலும் லிமரிக்கிலும் வாட்டர்போட்டிலும் பெருகியது உண்மை. தலைமை கிட்டாத இளையோரின் வழியினர் தலைமுறைதோறும் நிலம் சுருங்கிக் குடியானவராயினர். ஆயின் பிரையன் என்னும் நோர்மன் வழிக் குடும்பங்களும், 'ஓ பிரோய்ன்' என்னும் வேறொரு குலத்தின் சிலரும் எழுத்து மயக்கத்தால் இப்பெயரோடு கலந்தனர். தந்தைவழியே கடத்தப்படும் வை நிறமூர்த்தத்தை இந்நூற்றாண்டில் ஆராய்ந்தோர், டால் காஷ் குலத்தொடர்புடைய பல பெயரினரிடையே தனித்த ஒரு வகை செறிந்திருத்தலைக் கண்டனர். எனினும் ஓ பிரையன் என்போர் எல்லோரிடத்தும் அது காணப்படவில்லை.

கடல் கடந்த பெயர்

1841இல் 81 இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்த அயர்லாந்தின் சனத்தொகை, உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் விளைவாக 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது. பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். மன்ஸ்டரும் கொனாக்டும் மிகக் கொடிதாகத் தாக்குண்டன. மன்ஸ்டரே ஓ பிரையன் பெயரின் தாயகமாதலின், லிவர்பூல், நியூயோர்க், பொஸ்ரன், மெல்பேண் ஆகிய நகரங்களில் இப்பெயர் பெருகியமை வியப்பன்று.

பஞ்சத்தின் நடுவே, 1848இல், டிப்பெரரி மாவட்டத்துப் பலிங்கரியில் ஆங்கில ஆட்சிக்கெதிராகச் சிறியதொரு கிளர்ச்சி எழுந்தது. அதற்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஸ்மித் ஓ பிரையன் (1803–1864), 1543இல் பட்டத்தைத் துறந்த அதே மரபின் மாளிகையாகிய டிரமோலண்டில் பிறந்தவர்; புரட்டஸ்தாந்து நிலக்கிழார்; பாராளுமன்ற உறுப்பினர். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் நாடுகடத்தலாக மாற்றப்பட, 1849இல் இன்று தஸ்மேனியா எனப்படும் தீவுக்கு அனுப்பப்பட்டார். பெயருக்கும் மக்களுக்கும் இடையே அறுந்த தொடர்பை அம்மரபின் ஒருவரே மீண்டும் இணைக்க முயன்றார் எனலாம்.

முன்னொட்டுகளின் மீட்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1892இல் டக்ளஸ் ஹைட் டப்ளினில் ஆற்றிய உரையில் ஐரிஷ் மக்கள் தம் பெயர்களைக் கைவிடுவதைக் கண்டித்தார். அடுத்த ஆண்டிலே கேலிக் கழகம் நிறுவப்பட்டது. அதன்பின் சலிவன்கள் பலர் ஓ சலிவன் ஆயினர். கொனர்கள் ஓ கொனர் ஆயினர். மேர்பியும் கெல்லியும் பெரும்பாலும் திரும்பவில்லை. ஓ பிரையனுக்கு மீட்க வேண்டியது அதிகமில்லை. ஐரிஷ் மொழியில் இப்பெயரைக் கொள்வோரிடையே மகள் 'நீ விரியெய்ன்' என வேறு வடிவத்தால் வழங்கப்படுதல் இன்றும் உண்டு; ஆங்கில வடிவமோ இருபாலார்க்கும் ஒன்றே. மொழி இழந்ததன் வடுவைப் பெயரின் இலக்கணத்திலும் காண்கின்றோம்.

இன்று அயர்லாந்தின் எல்லா மாவட்டங்களிலும் இப்பெயர் உண்டு. எனினும் கிளேயர், லிமரிக், டிப்பெரரி, கோர்க், வாட்டர்போட் ஆகிய மன்ஸ்டர் மாவட்டங்களே அதன் வலிமையான நிலம். நாவலாசிரியை கேற் ஓ பிரையன் (1897–1974) லிமரிக் நகரினர். எட்னா ஓ பிரையன் (1930–2024) கிளேயர் மாவட்டத்துத் துவாம்கிரேனியைச் சேர்ந்தவர். பிரையன் பிறந்த குலத்தின் நிலம் அது. மறுபுறத்தே, கடற்கதைகளால் புகழ்பெற்ற பற்றிக் ஓ பிரையன் (1914–2000) ரஸ் என்னும் பெயரோடு பிறந்த ஆங்கிலேயர். 1945இல் தாமாக இப்பெயரைச் சூடிக்கொண்டவர்.

முடிவுரை

ஆகவே ஓ பிரையன் என்னும் பெயர் குருதியின் சான்றன்று. கஷெலைத் தானமளித்தவனும் அதனை எரித்தவனும், பட்டத்துக்காகப் பெயரை விட்டவனும் நாடுகடத்தப்பட்டவரும், இப்பெயரோடு பிறவாது அதனை விரும்பி ஏற்றவரும் இதனுள் அடங்குவர். இது நினைவின் சான்றேயாகும். 1543இல் ஒரு தலைவன் இப்பெயரை விலைபேசி ஒப்படைத்தான்; அவனுக்கு அது நிலத்தின் உரிமையாக இருந்தது. நிலமே இல்லாதோர் அதனை ஒப்படைக்கவில்லை. முன்னூறு ஆண்டுகளின் பின், பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய குடியானவன் தன்னுடன் எடுத்துச் செல்ல எஞ்சியவற்றுள் அப்பெயரும் ஒன்றாயிற்று. மன்னர் மரபு விட்ட பெயரை மக்கள் காத்தனர் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.