மணல் நடக்கும் கரை

தமிழில் ‘கரை’ என்னும் சொல்லுக்கு எல்லை என்ற பொருளும் உண்டு. கரை காணாத துன்பம் என்கிறோம். கடனை அடைத்தவனைக் கரையேறினான் என்கிறோம். அலைகின்ற நீருக்கு எதிரே அசையாது நிற்பது கரை என்பது நம் நெஞ்சில் ஊறிய எண்ணம். மணற்பாங்கான கடற்கரையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் உண்மைக்கு மாறானது. அக்கரை நிற்பதில்லை, நடக்கிறது. அதன் நடையை நம் நாட்டில் முறையாக அளந்து, ஏட்டில் பதிந்து, மாணவர்க்குப் பாடமாகவும் போதித்த முன்னோடி நிலையங்களுள் ஒன்று, விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகம். அந்த முயற்சியின் வரலாற்றையும், அதனால் நாடு பெற்ற பயனையும் எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். விசாகப்பட்டினம், மும்பை, கொல்கத்தா, கொச்சி எனத் துறைமுக நகரங்களில் வாழ்வு தேடிக் குடியேறிய தமிழர்களுக்கு இது அயலார் கதை அன்று.

மணல் எவ்வாறு நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். கடலலை பெரும்பாலும் கரையை நேராக வந்து மோதுவதில்லை. சற்றே சாய்ந்து வந்து மோதுகிறது. ஏறும் அலை மணலைச் சாய்வாகத் தள்ளுகிறது. இறங்கும் நீர் அதை நேராகக் கீழே இழுக்கிறது. இவ்விரு அசைவுகளால் மணல் கரையோரமாகச் சிறிது சிறிதாக இடம் பெயர்கிறது. வங்கக் கடலின் நம் கரையில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் இம்மணலோட்டம் வடக்கு நோக்கிச் செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டுப் பார்த்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. இவ்வாறு பல லட்சம் கன மீட்டர் மணல் ஆண்டுதோறும் பயணம் செய்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆறு கரையை ஒட்டி ஓடுகிறது என்றே கொள்ளலாம்.

இந்த மணலாற்றின் குறுக்கே கல்லால் ஒரு சுவரை எழுப்பினால் என்ன நேரும்? அதற்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. 1870-களில் அங்கே துறைமுக வேலை தொடங்கிற்று. கடலுக்குள் நீண்ட சுவர்கள் வடக்கே செல்லும் மணலைத் தடுத்து நிறுத்தின. தென்புறத்தில் மணல் சேர்ந்து, மெரினாக் கடற்கரை இன்றுள்ள அகலத்தை அடைந்தது. வடபுறத்தில் இராயபுரம் முதலாகக் கரையை அலை தின்னத் தொடங்கிற்று. ஒரே சுவர் தெற்கே உலாவும் இடத்தை அளித்தது. வடக்கே மீனவர் குடியிருந்த நிலத்தைப் பறித்தது. மெரினாவில் காற்று வாங்கிய நம்மில் பலர், அம்மணல் வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

விசாகப்பட்டினத்தில் துறைமுகம் அமைத்தவர்கள் இந்தப் படிப்பினையை ஓரளவு மனத்திற் கொண்டிருந்தார்கள். அத்துறைமுகம் 1933-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. தென்புறத்தில் ‘டால்பின் மூக்கு’ எனப்படும் மலைமுனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அம்முனையைச் சுற்றிவரும் மணல் கால்வாயின் வாயை அடைத்துவிடாதவாறு, இரண்டு பழைய கப்பல்களைக் கடலில் மூழ்கடித்துத் தீவு போன்ற ஓர் அலைத்தடுப்பை ஏற்படுத்தினார்கள். அதன் மறைவில் படியும் மணலை வாரி எடுத்து அப்புறப்படுத்துவது ஏற்பாடு. ஆயினும் மணல் எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது, வடக்கே உள்ள நகரக் கடற்கரை எப்பொழுது தேய்கிறது, எப்பொழுது வளர்கிறது என்பனவற்றை ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்து அளப்பதற்கு ஒரு கல்விக்கூடம் தேவைப்பட்டது.

அக்கல்விக்கூடம் அருகிலேயே இருந்தது. அந்நாளைய சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டில் பெஜவாடாவில் தொடங்கப்பெற்ற ஆந்திரப் பல்கலைக்கழகம், 1930-இல் வால்டேருக்கு வந்து சேர்ந்தது. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1931 முதல் 1936 வரை அதன் துணைவேந்தராக விளங்கினார். பிற்காலத்தில் நிலவியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் சி. மகாதேவன். விசாகப்பட்டினத்துக் கடற்கரையின் கரிய மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைப் பற்றி அவரும் அவருடைய உடனாய்வாளரும் 1948-ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். மணலில் என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சி, அம்மணல் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற கேள்விக்கு இயல்பாகவே வழிகாட்டிற்று.

1952-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடலியல் அறிஞர் யூஜீன் லஃபோண்ட், புல்பிரைட் திட்டத்தின்கீழ் வால்டேருக்குப் பேராசிரியராக வந்தார். கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்துப் படகுத்துறையை ஒட்டி மணலின் ஏற்ற இறக்கத்தை அளந்து, 1940-இல் வெளியான ஆய்வில் பங்கு கொண்டவர் அவர். அம்முறை மிக எளியது. கரையில் அசையாத ஓர் அடையாளத்தை நிறுவிக்கொண்டு, அங்கிருந்து நீர்விளிம்பு வரை மணல்மட்டத்தின் உயரத்தை அளப்பது. சில நாட்களுக்குப் பின் அதே கோட்டில் மீண்டும் அளப்பது. இவ்வாறு பருவந்தோறும், ஆண்டுதோறும் தொடர்வது. விலை மிகுந்த கருவி ஒன்றும் இதற்கு வேண்டியதில்லை. வெயிலையும் மழையையும் பாராது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் பொறுமைதான் வேண்டும். ஆழமான நீரை ஆராய இந்தியக் கடற்படை தன் கப்பல்களைத் தந்து உதவிற்று.

இவ்வேலையின் பயன் ‘ஆந்திரப் பல்கலைக்கழகக் கடலியல் நினைவேடுகள்’ என்னும் பெயரில் 1954-இலும் 1958-இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. வால்டேர்க் கரை பருவத்துக்கேற்பத் தேய்ந்து மீண்டும் வளரும் சுழற்சியை அவை விளக்கின. கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, கரையோர மேல்நீரை அப்பால் நகர்த்துவதையும், அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் சத்துடன் மேலெழுவதையும் அவை எடுத்துக்காட்டின. மீன் வளத்தின் காரணங்களை அறிய இது பெரிதும் உதவுவதாகும். கரைக்கு அப்பால் கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மகாதேவன் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆராய்ச்சி முடிவுகளைவிட நிலைத்த பயன் ஒன்று உண்டு. அது மாணவர் பயிற்சி. வால்டேரில் அலையோரத்தில் அளவுகோல் பிடித்து நின்றவர்களே பிற்காலத்தில் நாட்டின் கடலியல் பணிக்குத் தூண்களானார்கள். 1959 முதல் 1965 வரை பல நாடுகள் கூடி நடத்திய சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆராய்ச்சிக்குப் பின்னர், 1966-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தேசியக் கடலியல் நிலையம் தோன்றிற்று. வால்டேரில் ஆராய்ச்சி செய்த வி. வி. ஆர். வரதாச்சாரி 1980-களில் அந்நிலையத்தின் இயக்குநர் பொறுப்பை வகித்தார். அயல்நாட்டு அறிஞர் ஒருவர் வந்து போவது எளிது. அவர் சென்ற பின்னும் வேலை நில்லாமல் நடப்பதற்கு உள்ளூரில் ஆட்கள் வேண்டும். அவர்களை ஆக்கிக் கொடுப்பதே பல்கலைக்கழகத்தின் கடமை.

வால்டேர் அறிஞர்களின் பார்வை நகரக் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. தெற்கே கோதாவரியின் முகத்துக்கு வடக்கில், காக்கிநாடா விரிகுடாவைத் தழுவியவாறு நீண்ட மணல்நாக்கு ஒன்று வளர்ந்திருக்கிறது. அது வளர்ந்த காரணத்தை மகாதேவனும் பிரசாத ராவும் 1958-ஆம் ஆண்டுத் தொகுதியில் ஆராய்ந்தார்கள். ஆறு கொண்டுவந்து கொட்டும் மணலைக் கடல் வாங்கி, வடக்கே எடுத்துச் சென்று கரை கட்டுகிறது. ஆகவே கரையின் நலம் ஆற்றின் கையில் இருக்கிறது. சர் ஆர்தர் காட்டன் 1847-இல் தொடங்கி 1852-இல் முடித்த தவளேசுவரம் அணைக்கட்டும், அதன் பின் ஆற்றின் மேற்பகுதிகளில் எழுந்த பல அணைகளும் கோடிக்கணக்கானோருக்குச் சோறு அளித்தன. அதை மறுப்பார் இல்லை. ஆனால் அணையில் நீர் தேங்கும்போது வண்டலும் தேங்குகிறது. 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 15 கோடி டன் வண்டலைச் சுமந்த கோதாவரி, 1990-களில் 6 கோடி டன்னுக்கும் குறைவாகவே சுமந்தது என்று ஆந்திரப் பல்கலைக்கழகத்து அடுத்த தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். வண்டல் குறைந்த கழிமுகத்தைக் கடல் அரித்து வருகிறது. காக்கிநாடாவுக்கு வடக்கே, நெசவுச் சேலைக்குப் பேர்பெற்ற உப்பாடா என்னும் ஊர் வீடுகளையும் சாலையையும் அலைக்குப் பறிகொடுத்து வருகிறது.

நாட்டின் சட்டமும் இத்துறையில் மெல்ல வளர்ந்தது. 1981-ஆம் ஆண்டில் பிரதமர் இந்திரா காந்தி, கடற்கரை மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஓதம் பொங்கி ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்கள் தவிர்க்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. அது 2011-இலும் 2019-இலும் புதிய வடிவங்களைப் பெற்றது. அரசாங்க ஏடுகளைத் தமிழாக்குவதே தொழிலாக உடைய எனக்கு, ‘உயர் ஓதக் கோடு’ என்று எழுதுவது எளிது. ஆனால் தாளில் எழுதிய அக்கோடு கரையில் எங்கே விழுகிறது என்பதை எந்த மொழிபெயர்ப்பாளனும் சொல்ல முடியாது. மணல் நடக்கும் கரையில் அதை அளந்து காட்டுவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். 1991-ஆம் ஆண்டு அறிவிக்கைக்காக அக்கோட்டைக் குறிக்கும் அதிகாரம் பெற்ற நிலையங்களுள் அண்ணாப் பல்கலைக்கழகத்தின் நிலையங்களும் இருந்தன. நிலைத்த கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையமும் சென்னையில் அப்பல்கலைக்கழக வளாகத்திலேயே அமைந்துள்ளது. ஒரு குடிசை சட்டத்துக்கு உட்பட்டதா, ஒரு மாளிகை சட்டத்தை மீறியதா என்னும் வழக்குகள் இந்த அளவீட்டை நம்பியே நிற்கின்றன.

இவ்வளவு அறிவும் நம் கைக்கு வந்த பின்னும் கரை தேய்வானேன்? 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஒப்பிட்டு அரசாங்க ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டதில், இந்தியப் பெருநிலக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு வருவது தெரியவந்தது. கேள்வி கேட்கப்படும் வேளையே இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. துறைமுகச் சுவரோ, பாலமோ, கற்குவியலோ போட்டு முடித்த பிறகு, அடுத்த ஊர்க் கரை கரைகிறதே என்று பல்கலைக்கழகத்தை நாடுகிறோம். அப்பொழுது அறிஞர் சொல்லக்கூடியது நோயின் பெயர் மட்டுமே. அரிப்பைத் தடுக்க ஓரூரில் கல்லைக் கொட்டினால், அரிப்பு அதன் வடக்கே உள்ள ஊருக்கு நகர்கிறது. அங்கேயும் கல் கொட்ட வேண்டியதாகிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் வாரும் மணலை நகரக் கடற்கரையில் கொண்டுவந்து இடும் வழக்கம் இதற்கு மாறான நல்வழி. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ஹுத்ஹுத் புயல் அந்நகரைத் தாக்கியபோது, கரையில் மணல் இருப்பது எத்துணைப் பெரிய காப்பு என்பது கண்கூடாயிற்று. தடுத்த மணலை உரிய இடத்தில் திருப்பித் தருவது, கடன் வாங்கியவன் கடனைத் தீர்ப்பது போன்ற நேர்மை. ஆனால் எவ்வளவு தர வேண்டும் என்பதை அளந்தவனே அறிவான்.

பயிற்சியும் பட்டம் பெறும் மாணவரோடு நின்றுவிடலாகாது. கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி, ஊராட்சித் தலைவர், ஒப்பந்தக்காரர், கட்டுமரத்தில் செல்லும் மீனவர் ஆகிய அனைவரும் அதில் இடம் பெற வேண்டும். எந்த மாதத்தில் எந்தத் துறையில் படகு இறக்கலாம், எங்கே மேடு விழும் என்பது மீனவருக்குத் தலைமுறை தலைமுறையாய் வந்த கல்வி. அதைப் பல்கலைக்கழகத்தின் அளவுகோலோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் தெளிவு பெறும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்கள் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நீங்கள் குடியிருக்கும் நகரின் கரையை எந்தப் பல்கலைக்கழகம் அளந்து வருகிறது என்று விசாரித்து அறியுங்கள். கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதைத் தெரிவியுங்கள். கரையில் புதிதாக ஒரு சுவர் எழுப்பப் போவதாகச் செய்தி வந்து, பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடைபெறுமானால், அங்கே எழுந்து நின்று, “இச்சுவருக்கு வடக்கே இருப்பவர்கள் யார்? அவர்கள் கரையை அளந்து பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அலை ஓய்ந்து கடலாட முடியாது என்பார்கள் நம் முன்னோர். கரை கரைந்து முடிந்த பின் அளப்பதற்கு அளவுகோல் நாட்டவும் இடம் இராது.