மறுகால்

கார்த்திகை மாதத்தில் வெளியூரிலிருந்து தென்காசிப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டால், உடம்பு நலம் கேட்பதற்கு முன்பே நாக்கில் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. "குளம் மறுகால் பாயுதா சித்தப்பா?" அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "நேத்து ராத்திரியே பாய ஆரம்பிச்சுட்டுல்லா! தாம்போதிப் பாலத்துல முழங்காலுக்குத் தண்ணி போகுது. நீ இப்பக் கிளம்பி வராத." அந்தக் குரலில் பெருமையும் இருக்கும், எச்சரிக்கையும் இருக்கும். குளம் நிறைந்துவிட்டது, பிசான நெல்லுக்குக் கவலையில்லை என்பது ஒன்று. இனி வரும் தண்ணீர் குளத்தில் நிற்காது, ரோட்டைக் கடந்து போகும், பிள்ளைகளைத் தனியே அனுப்பாதே என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது.

மறுகால் என்பது குளம் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வெளியேறக் கரையின் ஓரத்தில் விட்டுவைத்த வழி. மற்ற ஊர்க்காரர்களிடம் இதற்கு வேறு வேறு பெயர்கள். மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் 'கலுங்கு' பாயும். வடக்கே ஏரி 'கோடி' போகும். கல்வெட்டுகளில் வருவது 'கலிங்கு'. கண்மாய், ஏரி என்ற சொற்கள் எங்கள் பேச்சில் இல்லை, எல்லாமே குளம்தான். குளத்துக்கு மறுகால்.

அகராதியைப் புரட்டினால் 'மறுகால்' என்பதற்கு 'மறுபடியும், இன்னொரு முறை' என்ற பொருளும் கிடைக்கும். குளத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு பொருளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். நிறைந்தபின் தண்ணீர் இன்னொரு கால் வழியே மறுபடி நடக்கத் தொடங்குகிறது. அது போய்ச் சேர்வது கீழே உள்ள அடுத்த குளம். மேல் குளத்தின் மறுகால்தான் கீழ்க் குளத்துக்கு வரத்துக்கால். ஒரே ஓடைக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர், எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து.

'கால்' என்ற பாதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாய்க்கால், கால்வாய் என்று நீர்வழிக்குப் பெயர். பந்தக்கால், முட்டுக்கால் என்று நட்டு நிறுத்தும் மரத்துக்கும் பெயர். தூரத்து மேகத்திலிருந்து தரைக்குத் தொங்கும் மழைத்தாரை மழைக்கால். பழந்தமிழில் காற்றுக்கும் 'கால்' என்றே பெயர், 'காற்று' என்ற சொல்லே அதிலிருந்து வளர்ந்ததுதான். வினையாக நின்றால் கால்தல், அதாவது உமிழ்தல், சொரிதல். அகராதிக்காரர்கள் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து வைப்பதும் உண்டு, அதற்கு அவர்களிடம் காரணமும் உண்டு. ஆனால் தென்காசியில் ஆண்டு முழுக்க வாழ்ந்தவருக்கு இவற்றைப் பிரித்துப் பார்ப்பது கடினம். இங்கே நடக்கும் இயற்கையின் வேலை அத்தனையும் இந்த ஈரெழுத்துச் சொல்லுக்குள் இருக்கிறது: காலாய் அடிக்கும் காற்று, காலாய் இறங்கும் மழை, காலில் ஓடும் வெள்ளம், அவற்றுக்கு எதிராக நாம் நடும் கால்.

முதலில் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர் என்றால் அதில் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் ஒரு தாழ்ந்த இடைவெளி இருக்கிறது. பாலக்காடு, ஆரல்வாய்மொழி போல இதுவும் ஒரு கணவாய். ஆனி, ஆடியில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளிக்குள் நெருங்கிப் புகுந்து இந்தப் பக்கம் சீறிக்கொண்டு வெளிப்படுகிறது. சுரண்டை முதல் கயத்தாறு வரை காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குள் நுழையும்போது கோபுரவாசலில் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளுவதை எந்த ஊர்க்காரரும் பெருமையாகச் சொல்வார். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுத்த கோயில் அது. இடிந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற இராஜகோபுரம் 1990-இல் மறுபடி எழுந்தது.

இந்தக் காற்றுக்கு முன்னேற்பாடு வைகாசியிலேயே தொடங்கிவிடும். குலை தள்ளிய வாழைக்குக் கம்பு ஊன்றி முட்டுக் கொடுப்பது, ஒரு மரத்தை இன்னொரு மரத்தோடு கயிற்றால் இழுத்துக் கட்டுவது, தகரக் கூரையின் மேல் கல்லும் மணல் மூட்டையும் ஏற்றுவது, ஓட்டு வீட்டில் நழுவிய ஓடுகளை மாற்றிச் செருகுவது, வீட்டின் மேல் சாய்ந்த தென்னையைப் பார்த்து முடிவெடுப்பது. ஆச்சி தெருவாசலுக்கு வந்து மேற்கே பார்த்து, "மலை தெரியல, துணியை எடு" என்பாள். எங்களுக்கு வானிலை அறிக்கை அந்த மலைதான். அது கண்ணுக்குத் தெரிந்தால் வெயில். மறைந்தால் சாரல். 'சாரல்' என்பதும் பழைய பாட்டுகளில் மலைச்சரிவைக் குறித்த சொல். சரிவிலிருந்து காற்று தூக்கி வரும் தூறலுக்கு அந்த இடத்தின் பெயரே ஆகிவிட்டது.

சாரல் குளத்தை நிரப்பாது. செங்கோட்டைக்கு அருகே 36 அடி உயரக் குண்டாறு அணையோ பெரும்பாலும் சாரலிலேயே நிறைந்துவிடும். 132 அடி அடவிநயினார் அணை அப்படிச் சட்டென்று நிறைவதில்லை. குளங்களுக்கு வேண்டியது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழை. அப்போது மழை கிழக்கேயிருந்து வந்து மலையில் மோதி அப்படியே இறங்கும். குற்றாலத்தின் திரிகூடமலையில் பிறக்கும் சிற்றாறு ஐந்தருவியாறு, அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி, கருப்பாநதி, அழுதகண்ணியாறு என்று துணைகளைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே போகிறது. வழியெங்கும் அணைக்கட்டு, அணைக்கட்டிலிருந்து கால், காலிலிருந்து குளம், குளத்திலிருந்து மறுகால். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது.

சீவலப்பேரி என்பதே ஸ்ரீவல்லபன் பெயரிலான பேரேரி. மன்னன் பெயரும் குளத்தின் பெயரும் தேய்ந்து ஊராகி நிற்கின்றன. அதற்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது: மறுகால்தலை. அங்குள்ள குன்றில் துறவிகளுக்கு வெட்டிய கற்படுக்கையின் மேல் தமிழ்பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1906-இல் கண்டறியப்பட்டது, கிறித்து பிறப்பதற்கு முந்தையது. அந்தக் கல்வெட்டில் மறுகால் என்ற சொல் இல்லை, ஊர்ப் பெயருக்கு அந்த வயதை நாம் கொடுத்துவிடக் கூடாது. இருந்தாலும் நாட்டின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றைத் தாங்கிய குன்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்த அடையாளம் மறுகாலின் தலைப்பு என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பூட்டுகிறது. நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி என்று இன்னோர் ஊரும் உண்டு. வெள்ளம் வெளியேறும் வழி எது என்பதை ஊர்ப்பெயராகவே எழுதி வைத்தால் அதை எவரும் மறக்க முடியாது.

சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் அதே சங்கமத்தில்தான் முக்கூடற்பள்ளு நூலின் கதை நடக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாத அந்த நூலில், நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்குக் குறிகள் சொல்லும் பாட்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னுவது, கொம்பைச் சுற்றி அடிக்கும் காற்று, கிணற்றுத் தவளையின் கூச்சல், நண்டு தன் வளையைச் சேற்றால் அடைத்துக்கொள்வது. இதை இயற்கை வருணனையாகப் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அது முன்னறிவிப்பு. மின்னல் மேற்கு மலையில் என்றால் சிற்றாற்றின் தலையில் மழை. கீழே நிற்கும் உழவனுக்கு ஓர் இரவு நேரம் இருக்கிறது. மறுகாலைப் பார்க்கப் போக வேண்டிய இரவு அது.

மறுகாலில் என்ன பார்ப்பார்கள்? பழைய மறுகால்களில் கல்தளத்தின் மேல் குத்துக்கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். பருவமழையின் தொடக்கத்தில் கற்களுக்கு நடுவே இடைவெளி திறந்தே கிடக்கும், வருகிற வெள்ளம் தடையில்லாமல் போகட்டும் என்று. மழை ஓயப்போகிற மார்கழிவாக்கில் அந்த இடைவெளிகளில் களிமண்ணும் வைக்கோலும் புல்கட்டிகளும் வைத்து அடைப்பார்கள். குளத்தில் இன்னும் ஒன்றிரண்டு அடி தண்ணீர் நிற்கும், அது ஒரு மாதப் பாசனம். எப்போது அடைப்பது என்பதே அறிவு. முந்தி அடைத்தால் பின்மழையில் கரை உடையும். பிந்தினால் பயிர் காயும். மேல்மடைக்காரர் வயல் முழுகுகிறது என்பார், கீழ்க்குளத்துக்காரர் எங்களுக்கு வரவேண்டியதை மறிக்கிறாய் என்பார். சண்டை, மண்வெட்டி, பஞ்சாயத்து. இத்தனைக்கும் நடுவில்தான் ஒரு குளம் உயிரோடு இருந்தது. ஐப்பசிக்கு முன் ஊரே திரண்டு மறுகால் ஓடையில் வளர்ந்த வேலிக்கருவையை வெட்டிப் போடும், மடைவாயில் அடைந்த அமலைச் செடியை வாரும், கரையின் நண்டு ஓட்டைகளையும் எலி வளைகளையும் மிதித்து அடைக்கும். பேரிடர் மேலாண்மை என்ற பெயர் அப்போது அதற்கு இல்லை.

மறுகாலுக்கு எதிர்ச்சொல் 'உடைப்பு'. மறுகால் பாய்ந்தால் குலவை. குளம் உடைந்தால் ஓலம். ஒரு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமாக அடுத்த குளத்தின் மேல் விழும், அதுவும் உடையும், சங்கிலியில் ஒவ்வொன்றாக. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் கண்டது அதைத்தான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. அந்த அளவு மழைக்கு எந்த மறுகாலும் போதாது என்பது உண்மை. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பேரோடு ரயில் ஒன்று தண்ணீருக்கு நடுவே நின்றது. அத்தனை கரை உடைந்தபோதும், மறுகால் ஓடை அகலமாக இருந்த இடத்திலும் சுருங்கிக் கிடந்த இடத்திலும் பாதிப்பு ஒன்றாக இருந்திருக்குமா?

குற்றாலத்து அருவிக்கு மறுகால் கிடையாது. பேரருவி நேராகக் கீழே விழாமல் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து பொங்கி வருவதால்தான் அதன் கீழே மனிதன் நின்று குளிக்க முடிகிறது. மலையே செய்து வைத்த காப்பு அது. அதற்கும் அளவு உண்டு. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை போடுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நொடிப்பொழுதில் இறங்கிய காட்டுவெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை இழுத்துக்கொண்டு போனது. கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளை. அருவிக்கரையில் வளர்ந்தவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். தெளிந்த தண்ணீர் செம்மண்ணாய்க் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட விழுந்தாலோ, சத்தம் கனத்தாலோ துண்டைக்கூட எடுக்காமல் மேலேறிவிட வேண்டும். இது அங்குள்ள ஒவ்வொரு பலகையிலும் கொட்டை எழுத்தில் எழுதப்பட வேண்டியது.

இப்போது செய்திகளில் 'மறுகால்' அருகிவிட்டது, 'உபரிநீர் வெளியேற்றம்' என்கிறார்கள். உபரி வடசொல், 'மேலே' என்று பொருள். சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பது எனக்குக் குறையில்லை. உபரிநீர் என்பது தண்ணீருக்குப் பெயர். மறுகால் வழிக்குப் பெயர். தண்ணீருக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டால், அது ஓட வேண்டிய நிலம் பெயரில்லாமல் போகிறது. பெயரில்லாத நிலத்தில் கல் நடுவது எளிது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபின் ஊரைச் சுற்றி மனைகள் பெருகிவிட்டன. நண்பர் ஒருவர் வாங்கவிருந்த மனையைப் பார்க்கப் போன ஆவணியில் கூடப் போனேன். சமமான நிலம், செம்மண் ரோடு, மஞ்சள் கல். வரைபடத்தின் ஓரத்தில் மெல்லிய இரட்டைக்கோடு, அதன்மேல் 'ஓடை' என்ற சிறிய எழுத்து. தரையில் ஓடை எதுவும் தெரியவில்லை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இது என்ன இடம்?" என்று கேட்டேன். கம்பை நீட்டி மேற்கே குளத்தங்கரையைக் காட்டினார். பிறகு கம்பை மெதுவாக எங்கள் காலடி வரை இழுத்து, கிழக்கே ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோனார்.

"இது மறுகால்லா. நாலு வருசமாப் பாயல. பாயும்."