பேராசிரியரை மறுத்த பெண்

தம்முடைய முடிவு தவறு என்று அச்சில் எழுதியவரையே கடிதம் போட்டு வரவழைத்த பேராசிரியர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். விக்டர் ஹாம்பர்கர் அப்படி ஒருவர். ஜெர்மனியில் பிறந்தவர். 1933-ல் நாஜி அரசாங்கம் யூதர்களை உத்தியோகங்களிலிருந்து நீக்கியபோது ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போயிருந்தார். திரும்பி வர இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

அவரை மறுத்தவர் இத்தாலியில், டூரின் நகரத்தில் இருந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி. பெண்களுக்குப் பெரிய படிப்பு எதற்கு என்று நினைத்த தகப்பனாரைச் சம்மதிக்க வைத்து, 1936-ல் வைத்தியப் பட்டம் வாங்கினார். இரண்டே வருஷத்தில் முஸோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. யூதப் பெண்ணுக்குச் சர்வகலாசாலையின் கதவு சாத்தப்பட்டது.

சாத்தினால் என்ன? ரீட்டா தம் படுக்கையறையையே ஆராய்ச்சிக் கூடம் ஆக்கிக்கொண்டார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கினார். ஆராய்ச்சிக்குப் பொருள் கோழி முட்டை. அவருக்குப் பாடம் சொன்ன ஜூஸெப்பே லெவி என்ற பேராசிரியரும் யூதராகையால் வேலை இழந்து, பழைய மாணவியிடமே உதவியாளராக வந்து சேர்ந்தார். டூரினில் குண்டு விழ ஆரம்பித்ததும் குடும்பம் மலைப்புறத்துக் குடிசைக்குப் போயிற்று. ஊசிகளும் கூடவே போயின. குழந்தைகளுக்கு என்று சொல்லிக் குடியானவர்களிடம் முட்டை வாங்கினார். கருவை எடுத்தபின் மிச்சமான முட்டை சமையலுக்கு ஆயிற்று. யுத்த காலத்தில் முட்டையை வீணாக்க யாருக்கு மனசு வரும்?

அவர் தேடியது இதுதான். கருவில் இருக்கும் கோழிக்குஞ்சின் இறக்கை முளையைக் கிள்ளிவிட்டால், அந்தப் பக்கத்துத் தண்டுவடத்தில் நரம்பணுக்கள் குறைந்துபோகின்றன என்று ஹாம்பர்கர் 1934-ல் எழுதியிருந்தார். இறக்கையிலிருந்து ஏதோ தூண்டுதல் வருகிறது. அது வராததால் புது நரம்பணுக்கள் உருவாகவில்லை என்பது அவர் கருத்து. 1940-ம் வருஷக் கோடையில், கால்நடை ஏற்றும் ரயில் பெட்டியில் உட்கார்ந்து ரீட்டா அந்தக் கட்டுரையைப் படித்தார். பிறகு கருக்களை நாள்வாரியாக எடுத்து, மெல்லிய சீவல்களாக நறுக்கி, அணுக்களை எண்ணிப் பார்த்தார். அணுக்கள் பிறக்கத்தான் செய்தன. இறக்கையை நோக்கிப் புறப்படவும் செய்தன. போய்ச் சேர இடமில்லாமல் செத்துப் போயின!

பிறக்கவில்லை என்பதற்கும், பிறந்து இறந்தது என்பதற்கும் எவ்வளவு தூரம்! பின்னது உண்மையானால், அணுவை உயிரோடு வைத்திருக்கும் பொருள் ஒன்று இருந்தாக வேண்டும்.

இத்தாலியப் பத்திரிகைகள் யூதர் கட்டுரையைப் போடாது. பெல்ஜியத்துப் பத்திரிகை ஒன்று போட்டது. ஹாம்பர்கர் அதைப் படித்துவிட்டு, யுத்தம் முடிந்ததும் ரீட்டாவை செயிண்ட் லூயிக்கு அழைத்தார். 1947-ல் சில மாதங்களுக்கென்று போனவர் முப்பது வருஷம் தங்கினார். இருவரும் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ரீட்டா சொன்னதே சரியாயிற்று. 1949-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். சுண்டெலியின் புற்றுக்கட்டியிலிருந்து நரம்பை வளர்க்கும் சத்து ஒன்று கசிவதை 1952-ல் ரியோ டி ஜெனிரோவில் ரீட்டா கண்டார். ஸ்டான்லி கோஹன் என்ற ரசாயன நிபுணர் அதைப் பிரிக்க முயன்றபோது, வேறு காரியத்துக்காகச் சேர்த்த பாம்பு விஷத்தில் அதே சத்து இன்னும் அதிகமாக இருந்தது. விஷப் பைக்கு உறவான உமிழ்நீர்ச் சுரப்பியைச் சுண்டெலியில் பார்த்தார்கள். அங்கேயும் தாராளமாகக் கிடைத்தது.

1986-ல் நோபல் பரிசு ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் போயிற்று. ஹாம்பர்கர் பெயர் இல்லை. பொருளைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் பரிசு என்று வாதாடலாம், வாதாடினார்கள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. முதல் கேள்வியைக் கேட்டவர் அவர். மறுப்பை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்தவரும் அவர்தான். அப்போது அவருக்கு வயது 86.

பரிசுக்குப் பதினோரு வருஷம் முன்னால், 1975-ல், ஹாம்பர்கர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். யாரும் கிள்ளாத, ஊனமில்லாத கோழிக் கருவின் தண்டுவடத்திலே, காலுக்குப் போகும் நரம்பணுக்களை எண்ணியிருந்தார். நூற்றுக்குச் சுமார் நாற்பது இயற்கையாகவே செத்துப் போகின்றன என்று அதில் கணக்குக் கொடுத்திருந்தார்.