விக்ரம் (1986), விக்ரம் (2022): ஓர் ஒப்பீடு

விக்ரம் என்னும் பெயரில் கமல்ஹாசன் நடித்த இரு உளவுப் படங்கள் 36 ஆண்டு இடைவெளியில் வெளிவந்தன. இரண்டையும் தயாரித்தது கமல்ஹாசனின் ராஜ்கமல் பிலிம்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனம். 1986 படத்தை ராஜசேகர் இயக்கினார். 2022 படத்தை லோகேஷ் கனகராஜ் இயக்கினார். நாட்டுக்கும் குடும்பத்துக்கும் இடையே உளவாளி எங்கே நிற்கிறான் என்பதில்தான் இவ்விரு படங்களுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இருக்கிறது. தமிழ் சினிமாவில் இக்கேள்விக்கு இன்னும் பழைய முன்னோடி ஒன்று உண்டு.

செட்டிநாட்டுப் பின்புலம்

காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அவ்வூரின் தேவகோட்டைச் சாலையில் ஏ.வி.எம். ஸ்டூடியோவைத் தொடங்கினார். நாம் இருவர் (1947) அங்கு உருவான படம். 1948-ல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்கு இடம்பெயர்ந்தது. அந்நிறுவனம் 1954-ல் வெளியிட்ட அந்த நாள், ஒற்றன் ஒருவனை மையமாகக் கொண்ட தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் குறிப்பிடத்தக்கது. இதை இயக்கியவர் எஸ். பாலசந்தர். பாடலோ நடனமோ இல்லை.

அந்த நாள் படத்தின் கதை 1943-ல் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய காலத்தில் நடக்கிறது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் ஒரு வானொலிப் பொறியாளர். அவர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அவர் ஜப்பானியருக்குத் தகவல் கொடுத்தவர் என்பதும், பண்டரிபாய் ஏற்ற மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியாலேயே இறந்தார் என்பதும் இறுதியில் தெரியவருகின்றன. நாடா, கணவனா என்ற கேள்விக்கு அப்படம் நாடு என்று விடை சொன்னது.

கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான களத்தூர் கண்ணம்மா (1960) ஏ.வி.எம். தயாரிப்பே. அவரை வணிக வெற்றியின் உச்சத்துக்குக் கொண்டுசென்ற சகலகலா வல்லவன் (1982) படமும் அந்நிறுவனத்துடையது. அதன் இயக்குநர் எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர். அதை எழுதிய பஞ்சு அருணாசலம் அப்பகுதியின் சிறுகூடல்பட்டியைச் சேர்ந்தவர். 1986 விக்ரமுக்கு இசையமைத்த இளையராஜாவை அன்னக்கிளி (1976) மூலம் திரைக்கு அறிமுகப்படுத்தியவரும் பஞ்சு அருணாசலமே.

விக்ரம் (1986)

கதையை எழுத்தாளர் சுஜாதா எழுதினார். இது குமுதம் இதழில் தொடராகவும் வந்தது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதாவின் துறையறிவு படத்தில் தெரிகிறது. அக்னிபுத்ரா என்னும் ஏவுகணையைச் சுகிர்தராஜா (சத்யராஜ்) கடத்துகிறான். அதை மீட்க உளவாளி விக்ரமுடன் கணினி வல்லுநரான ப்ரீத்தி (லிஸி) அனுப்பப்படுகிறாள். கணினியைப் பெரும்பாலோர் நேரில் கண்டிராத காலத்தில், கணினி அறிந்த ஒரு பெண்ணை இப்படம் கதையின் நடுவே வைத்தது. அக்னி என்ற பெயருடைய இந்திய ஏவுகணை மூன்று ஆண்டுகள் கழித்து, 1989-ல்தான் முதன்முறை சோதிக்கப்பட்டது.

விக்ரமின் மனைவி (அம்பிகா) எதிரிகளால் கொல்லப்படுகிறாள். அதன் பிறகே அவன் பணியை முழுமையாக ஏற்கிறான். சொந்தப் பழியும் அரசுக் கடமையும் இங்கு ஒரே திசையில் செல்கின்றன. அரசை அவன் சந்தேகிக்க வேண்டிய தேவை எழவில்லை. எதிரியின் இருப்பிடமும் நாட்டுக்கு வெளியே, சலாமியா என்னும் கற்பனை அரசில் இருக்கிறது. ராஜஸ்தானில் படமாக்கப்பட்ட சலாமியாப் பகுதியில் மன்னன் (அம்ஜத் கான்), இளவரசி (டிம்பிள் கபாடியா), பாடல்கள், நகைச்சுவை என்று படம் ராஜா ராணிக் கதையின் சாயலைப் பெறுகிறது. முற்பாதியின் அறிவியல் வேகம் இங்கே குறைந்துவிடுகிறது.

விக்ரம் (2022)

ஜூன் 3, 2022 அன்று வெளியான இப்படத்தின் இசை அனிருத். முகமூடி அணிந்த கும்பல் ஒன்று சிலரைக் கொல்கிறது. கொல்லப்பட்டவர்களில் கர்ணன் (கமல்ஹாசன்) என்பவரும் ஒருவர் என்று நம்பப்படுகிறது. இரகசியக் குழுவின் தலைவன் அமர் (பகத் பாசில்) துப்பு துலக்குகிறான். கர்ணன் இறக்கவில்லை, அவரே முன்னாள் உளவாளி விக்ரம் என்பது இடைவேளையை ஒட்டித் தெரிகிறது. படத்தின் முற்பாதியில் நாயகன் பெரும்பாலும் பிறருடைய நினைவுகளின் வழியாகவே காட்டப்படுகிறார்.

இவ்விக்ரம் அரசால் கைவிடப்பட்டவர். போதைப்பொருள் மூலப்பொருளைக் கைப்பற்றிய அவருடைய மகன் பிரபஞ்சன் (காளிதாஸ் ஜெயராம்) கொல்லப்படுகிறான். போதைப்பொருள் தலைவன் சந்தானத்துக்கு (விஜய் சேதுபதி) காவல்துறைக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். விக்ரம் காப்பாற்ற நினைப்பது மகன் விட்டுச்சென்ற கைக்குழந்தையை. 1986 படத்தில் விக்ரமின் மனைவி தொடக்கத்திலேயே கொல்லப்பட்டுக் கதையிலிருந்து விலகிவிடுகிறாள். இங்கே பேரன் இறுதிவரை கதையை இழுத்துச் செல்கிறான். வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த ஏஜெண்ட் டீனா (வசந்தி) சண்டையில் இறங்கும் காட்சி பெரிதும் பேசப்பட்டது.

தொடர்ச்சி என்னும் சிக்கல்

விஸ்வரூபம் (2013), விஸ்வரூபம் 2 (2018) ஆகியவை ஒரே கதையின் இரு பகுதிகள். விக்ரம் படங்கள் அப்படி அல்ல. ஏவுகணையோ சலாமியாவோ புதிய கதையை நடத்தவில்லை. அதன் கதைத் தொடர்ச்சி லோகேஷ் இயக்கிய கைதி (2019) படத்தோடு இணைகிறது. பெயரும், நடிகரும், முன்னாள் உளவாளி என்ற அடையாளமும் மட்டுமே 1986-லிருந்து வருகின்றன. எனவே இதை ஒரே வேளையில் இரு படங்களின் வாரிசு எனலாம்.

இதனால் முதல் படத்தைப் பாராதவரும் இரண்டாவதைப் பின்தொடர முடிந்தது. உலகளவில் 400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகச் செய்திகள் வந்தன. ஆனால் முதல் படத்தைப் பார்த்தவருக்கு மட்டும் கிடைக்கும் பொருள் ஒன்றுண்டு. அரசின் அழைப்புக்கு ஒருகாலத்தில் கேள்வியின்றிச் சென்ற உளவாளி, முதுமையில் அரசுக்குத் தெரியாமல் இயங்க வேண்டியவராகிறார்.

மதிப்பீடு

திரைக்கதைக் கட்டுக்கோப்பில் 2022 படம் முந்துகிறது. நாயகனுக்குக் காதல் பாடல் இல்லை. இடமும் எதிரியும் பார்வையாளர் அறிந்த தமிழகச் சூழலைச் சேர்ந்தவை. கற்பனைத் துணிவில் 1986 படமே முன்னே நிற்கிறது. ஏவுகணை, கணினி, புனையப்பட்ட ஒரு நாடு ஆகியவற்றை முன்மாதிரி ஏதுமின்றி அது முயன்றது.

மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தால் தமிழ்த் திரையில் அரசின் மீதான நம்பிக்கை மாறியது புலப்படும். 1954-ல் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் தனிமனிதன். 1986-ல் அச்சுறுத்தல் எல்லை கடந்து அயல்நாட்டில் இருந்தது. 2022-ல் அது காவல்துறைக்குள்ளேயே இருந்தது. அந்த நாளில் மனைவி நாட்டுக்காகக் கணவனை இழக்கிறாள். 2022 விக்ரமில் கடமையைச் செய்த மகனை இழந்த தந்தை, எஞ்சிய பேரனைக் காக்க அரசை நம்பவில்லை.