எம்மா வீதி மாளிகைக்கு ஓர் இரங்கல்

ஹொனலுலு நகரின் எம்மா வீதியில் நின்றிருந்த கெயோவா ஹாலே மாளிகை இடிபட்டு ஏறக்குறைய நூறாண்டு ஆகிறது. அதைக் கட்டிய இளவரசி ரூத் கெயெலிகோலானி அதில் நிலையாகக் குடியிருந்து அனுபவிக்கக்கூட இல்லை. மன்னர் காலாகௌவாவின் இயோலானி அரண்மனையையே மிஞ்சியது என்று ஊரார் பேசிக்கொண்ட வீடு. அரண்மனைகள் இடிவது உலகில் புதிதல்ல. ஆனாலும் இந்த வீட்டை நினைத்தால் மனம் ஆறவில்லை.

வீட்டுக்காரிக்கு ஆங்கிலம் புரியும். ஆனால் பேசமாட்டார். ஆங்கிலம் பேசுகிறவர் யாராயிருந்தாலும் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டுதான் அவர்முன் நிற்க வேண்டும். ஹவாய் மண்ணில் ஹவாய் மொழியில் பேசுவதற்கு அவர் யாரிடமும் சமாதானம் சொன்னதில்லை.

ரூத் 1826-இல் பிறந்தார். பிரசவத்திலேயே தாய் இறந்துபோனார். கைக்குழந்தையை எடுத்து வளர்த்தவர் ராஜ்ஜியத்தின் அதிகாரத்தையெல்லாம் கையில் வைத்திருந்த அரசி காஹுமானு. ரூத்துக்குத் தந்தையர் இருவர் என்றார்கள். இரண்டு குலத்துக்கும் உரிய பிள்ளை என்பது ஹவாய் மரபில் பெருமை, பாதிரிமார் கண்ணுக்கோ இழுக்கு. முதல் கணவர் லெலேயோஹோகுவை 1848-இல் தட்டம்மை கொண்டுபோனது. அந்தத் திருமணத்தில் பிறந்த மகன் வாலிப வயதிலேயே விபத்தில் மாண்டான். இரண்டாம் திருமணத்தில் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. ஆசையாகத் தத்தெடுத்து, பட்டத்து இளவரசனாகவும் ஆன பிள்ளை 1877-இல் இருபத்திரண்டு வயதில் கண்மூடினான். கப்பலில் வந்திறங்கிய நோய்கள் வீடுவீடாகக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. இறந்தவர்களின் நிலமெல்லாம் கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்தது. தீவுகளிலேயே பெரிய நிலக்கிழார் ஆனதற்குப் பின்னால் இத்தனை சாவுகள் இருக்கின்றன.

1855 முதல் 1874 வரை ஹவாய்த் தீவுக்கு அவர்தான் ஆளுநர். கைலுவா கடற்கரையில் எரிமலைக் கல்லும் பவளச் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஹுலிஹேயே மாளிகை அவருக்குச் சொந்தம். வந்த விருந்தினரை அதில் தங்கவைத்துவிட்டு, அதே வளாகத்தில் போட்ட புல்வேய்ந்த பெரிய வீட்டில்தான் அவர் படுத்துறங்கினார். அக்கால வெள்ளைக்காரர்கள் அவருடைய பருத்த உடலையும் சிதைந்த மூக்கையும் பற்றி எழுதியதில் பாதிகூட இருபது ஆண்டு நிர்வாகத்தைப் பற்றி எழுதவில்லை. அந்த எழுத்தைப் படிக்கையில் இன்றைக்கும் கோபம் வருகிறது.

1880 நவம்பரில் மவுனா லோவா வெடித்தது. எரிகுழம்பு மாதக்கணக்கில் இறங்கி வந்து, அடுத்த கோடையில் ஹீலோ நகரின் வாசலை நெருங்கிவிட்டது. தேவாலயங்களில் ஜெபம் நடந்தது. மக்கள் ரூத்துக்கு ஆளனுப்பினார்கள். கிறித்தவத்துக்குத் தலைவணங்காத ஒருத்தி அரச குலத்தில் மிச்சம் இருந்தார் என்றால் அவர்தான். ஹொனலுலுவிலிருந்து கப்பலேறி வந்து, குழம்பின் விளிம்புக்கே போனார். எரிமலைத் தெய்வம் பெலேவுக்கு உரிய பழைய மந்திரங்களை ஓதி, ஓஹேலோ பழங்களையும் சிவப்புப் பட்டுக் கைக்குட்டைகளையும் நெருப்பில் இட்டு, பிராந்தியை ஊற்றினார் என்கிறார்கள். பக்கத்திலேயே கூடாரமடித்துத் தங்கினார். ஆகஸ்டில் குழம்பு ஊருக்குள் புகாமல் நின்றது. ஜெபித்தவர்கள் தங்கள் ஜெபம் என்றார்கள். ஹவாய் மக்கள் ரூத்தின் பேரைச் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயதில், நடக்கவே சிரமப்பட்ட உடம்போடு, சுட்டெரிக்கும் பாறைக்கு முன்னால் போய் நின்றவர் அவர். எனக்கு அது போதும்.

அதன் பிறகுதான் எம்மா வீதி மாளிகை எழுந்தது. ஐரோப்பியப் பாணிக் கட்டடம். பெயர் மட்டும் முதலாம் காமேஹாமேஹாவின் தந்தை கெயோவாவுடையது. வெள்ளைக்காரர் மெச்சும் வீட்டை அவர்களைவிடப் பெரிதாகக் கட்டவும் தெரியும், புல்வீட்டில் உறங்கவும் தெரியும். இரண்டும் அவருக்கு முரணாகப் படவில்லை. குடிபுகுந்த சிறிது காலத்திலேயே உடம்புக்கு முடியாமல் கைலுவாவுக்குத் திரும்பினார். 1883 மே 24 அன்று அங்கே, தன் புல்வீட்டில், உயிர் பிரிந்தது.

சுமார் 3,53,000 ஏக்கர் நிலமும் மாளிகையும் உறவுக்காரியான பெர்னிஸ் பௌவாஹிக்குப் போயின. அவரும் மறு ஆண்டே, அதே மாளிகையில் இறந்தார். அவருடைய உயில்படி அந்த நிலத்தின் வருமானத்தில் 1887-இல் காமேஹாமேஹா பள்ளிகள் தொடங்கின. ஹவாய்ப் பிள்ளைகளுக்கென்றே எழுந்த அந்தப் பள்ளிகளிலும் பாடம் ஆங்கிலத்தில்தான்.

1893-இல் அரசி லிலியுவோகலானியை அரியணையிலிருந்து இறக்கினார்கள். இரண்டே ஆண்டில், 1895-இல், கெயோவா ஹாலே ஹொனலுலு உயர்நிலைப் பள்ளியானது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலமே என்றது. ரூத் எந்த மொழியை வாசலில் நிறுத்தி வைத்தாரோ, அந்த மொழியில் அவருடைய கூடங்களில் பாடம் நடந்தது. அந்த மாளிகையின் சாவை நான் கணக்கிடுவது அந்த நாளிலிருந்துதான். 1920-களில் கடப்பாரையோடு வந்தவர்கள் இடித்தது வெறும் சுவர்களை.

அந்த இடத்தில் இன்றும் ஒரு நடுநிலைப் பள்ளி நடக்கிறது. நெடுங்காலம் அதற்கு ‘சென்ட்ரல்’ என்று பெயர். 2021-இல் அதை மாற்றி இளவரசி ரூத் கெயெலிகோலானி பெயரைச் சூட்டினார்கள். ஹவாய் மொழியிலேயே பாடம் நடத்தும் வகுப்புகளும் 1980-களிலிருந்து தீவுகளில் மறுபடி நடக்கின்றன. 1978-இலேயே ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு சேர்ந்து மாநில ஆட்சிமொழி ஆகிவிட்டது. ரூத்தின் காலத்தில் அது கேட்டுப் பெற வேண்டிய உரிமையாக இருக்கவில்லை.